பின்னத்தின் கீழே இருப்பது ஒரு பெயர்

மாணவர்களே, உங்கள் சட்டைப்பையில் ஒரு 50 சென் நாணயமும் மூன்று 20 சென் நாணயங்களும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் “கையில் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்டால், “நான்கு” என்று பதில் சொல்வீர்களா? மாட்டீர்கள். நாணயங்கள் நான்கு என்பது உண்மைதான். ஆனால் அந்த நான்கை வைத்து ஒரு பொட்டலம் நாசி லெமாக் கிடைக்குமா, கிடைக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் மனத்துக்குள் ஒரு சிறிய வேலை செய்கிறீர்கள். 50 சென் என்பது ஐந்து பத்து சென். 20 சென் ஒவ்வொன்றும் இரண்டு பத்து சென். மூன்று இருப்பதால் ஆறு. ஐந்தும் ஆறும் பதினொன்று. ஆக, பதினொரு பத்து சென், அதாவது 1 ரிங்கிட் 10 சென். இதற்குத் தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம்.

இதையே கணக்குப் புத்தகத்தின் மொழியில் எழுதிப் பாருங்கள். 50 சென் என்பது 1/2 ரிங்கிட். 20 சென் என்பது 1/5 ரிங்கிட். எனவே கணக்கு 1/2 + 3/5. பத்து சென்னுக்கு மாற்றினால் 5/10 + 6/10 = 11/10. நீங்கள் மனத்துக்குள் செய்த அந்தச் சிறிய வேலைக்குத்தான் பாடநூல் ‘பொதுப் பகுதி காணுதல்’ என்று பெயர் வைத்திருக்கிறது. காசு என்றால் யாருக்கும் தவறுவதில்லை. பின்னம் என்று எழுதியதும் கை நடுங்குகிறது. ஏன்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுப் பகுதி காண்பதை நாம் ஒரு கணக்கு விதியாக மட்டும் கற்கிறோம். ‘கீழே உள்ளதைப் பெருக்கு, குறுக்கே பெருக்கு, கூட்டு’ என்று படிகளை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் படிகள் மறந்துபோகின்றன. உண்மையில் அது எல்லா அளவீட்டுக்கும் பொதுவான ஓர் ஒழுங்கு. அப்படிப் புரிந்துகொண்டவருக்கு அது மறக்காது. புரியாமல் படிவம் 4-க்கு வருபவர் கணக்கில் மட்டும் அல்ல, அறிவியலிலும் தடுக்கி விழுகிறார்.

எங்கே தடுக்குகிறது?

பின்னத்தைப் பற்றிப் பேச அறிவியல் ஆசிரியருக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. படிவம் 4 இயற்பியலில் வில்லைச் சூத்திரம் வருகிறது. படிவம் 5-இல் பக்க இணைப்பில் உள்ள மின்தடைகளின் மொத்தத்தைக் காண வேண்டும். இரண்டிலும் பின்னங்களைக் கூட்டாமல் விடை இல்லை. ‘எனக்கு இயற்பியல் வராது’ என்று சொல்லும் மாணவரின் விடைத்தாளை எடுத்துப் பார்த்தால், பல வேளைகளில் இயற்பியல் சரியாகவே இருக்கும். சூத்திரம் சரி, எண்களை இட்டது சரி. கடைசி இரண்டு வரிகளில் பின்னம் அவரைக் கவிழ்த்திருக்கும். ஆரம்பப்பள்ளியிலேயே தீர்ந்திருக்க வேண்டிய ஒரு சிக்கலுக்காக ஒருவர் இயற்பியலையே கைவிடுவது எனக்கு வருத்தமான செய்தி.

ஓர் எடுத்துக்காட்டு. 3 ஓம் மின்தடையும் 6 ஓம் மின்தடையும் பக்க இணைப்பில் உள்ளன. மொத்த மின்தடையின் தலைகீழி 1/3 + 1/6. மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டுபவருக்கு 2/9 கிடைக்கும். அதைத் தலைகீழாக்கினால் 4.5 ஓம். விடை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சற்று யோசியுங்கள். 3 ஓம் மின்தடை மட்டும் இருந்தபோது மின்னோட்டத்துக்கு ஒரு பாதை. பக்கத்தில் இன்னொரு பாதையைத் திறந்துவிட்டால் மின்னோட்டம் இன்னும் எளிதாகத்தானே பாயும்? மொத்தத் தடை 3 ஓமைவிடக் குறைய வேண்டும், 4.5 ஓமாகக் கூடுவது எப்படி?

சரியான கணக்கு இது: 1/3 என்பது 2/6. அதனோடு 1/6 சேர்த்தால் 3/6, அதாவது 1/2. தலைகீழாக்கினால் 2 ஓம். 3-ஐவிடக் குறைவு. இயற்பியலும் கணக்கும் கைகுலுக்கிக்கொள்கின்றன.

பெயரும் எண்ணிக்கையும்

பின்னத்தின் கீழே உள்ள எண்ணைத் தமிழில் ‘பகுதி’ என்கிறோம். மலாயில் அதற்கு ‘பெஞெபுட்’ என்று பெயர். ‘செபுட்’ என்றால் சொல், குறிப்பிடு என்று பொருள். அப்படியென்றால் ‘பெஞெபுட்’ என்பது பெயரைச் சொல்வது. ஆங்கிலத்தின் ‘டினாமினேட்டர்’ என்ற சொல்லும் லத்தீனில் ‘பெயரிடுவது’ என்ற பொருளிலிருந்து வந்தது. மேலே உள்ள எண் எத்தனை என்று எண்ணுகிறது. கீழே உள்ள எண், எண்ணப்படும் துண்டு எந்த வகை என்று பெயர் சொல்கிறது.

தமிழில் பின்னத்தை வாசிக்கும் முறையைக் கவனித்திருக்கிறீர்களா? 2/5 என்பதை ‘ஐந்தில் இரண்டு’ என்கிறோம். முதலில் எந்த வகைத் துண்டு என்று சொல்லிவிட்டு, பிறகுதான் எத்தனை என்கிறோம். மேலேயிருந்து கீழே வாசிக்கும் பழக்கத்தைவிட இது தெளிவு. 1/2 + 3/5 என்பதை இப்படி வாசித்துப் பாருங்கள்: ‘இரண்டில் ஒன்றும் ஐந்தில் மூன்றும்’. பெயர்கள் வேறு வேறு என்பது காதிலேயே விழுகிறது. பெயர் வேறாக இருக்கும்போது எண்ணிக்கையைக் கூட்டக்கூடாது. முதலில் பெயரை ஒன்றாக்க வேண்டும். பொதுப் பகுதி என்பது அந்தப் பொதுப் பெயர்தான். பெயர் ஒன்றானபின் அதைக் கூட்டுவதில்லை. ஐந்து நாணயத்தோடு ஆறு நாணயம் சேர்ந்தால் எண்ணிக்கை மட்டும்தான் கூடும், நாணயம் பத்து சென்னாகவே இருக்கும். கழித்தலுக்கும் இதே கதைதான்.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பழந்தமிழ்க் கணக்கில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அரை, கால், அரைக்கால் இன்றும் நாவில் இருக்கின்றன. இவற்றோடு 1/20-க்கு மா, 1/80-க்குக் காணி, 1/320-க்கு முந்திரி என்றும் பெயர்கள் இருந்தன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை வைத்து இவற்றை மனப்பாடம் செய்தார்கள். 1/16-க்கு என்ன பெயர் தெரியுமா? மாகாணி. அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: மா + காணி. அதாவது 1/20 + 1/80. பொதுப் பகுதி 80 எடுத்தால் 4/80 + 1/80 = 5/80 = 1/16. ஒரு பின்னக் கூட்டலையே பெயராக வைத்திருக்கிறார்கள்!

முந்திரிக்கு மாற்றினால் இன்னும் எளிது. அரை என்பது 160 முந்திரி. கால் 80 முந்திரி. மா 16 முந்திரி. காணி 4 முந்திரி. 16-உம் 4-உம் 20, அதுவே மாகாணி. இப்படி இந்தப் பின்னங்கள் எல்லாவற்றையும் முந்திரியால் எண்ணிவிடலாம். நம் 10 சென் நாணயம் செய்த வேலையை அன்று முந்திரி செய்தது.

ஐந்தில் இரண்டு எங்கிருந்து வந்தது?

1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் மாணவரை நான் சோம்பேறி என்று சொல்லமாட்டேன். அந்த விடைக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சிவப்பு மையால் கோடு போட்டால் அடுத்த வாரமும் அதே 2/5-தான் வரும்.

இந்த வாரம் நீங்கள் 2 பூப்பந்து ஆட்டங்கள் ஆடி 1-இல் வென்றீர்கள். அடுத்த வாரம் 3 ஆட்டங்கள் ஆடி 1-இல் வென்றீர்கள். மொத்தம் எத்தனை? 5 ஆட்டங்களில் 2 வெற்றி. இங்கே மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியது முற்றிலும் சரி. தேர்வு மதிப்பெண்களையும் இப்படித்தான் சேர்க்கிறோம். அந்தப் பழக்கம்தான் பின்னக் கூட்டலுக்குள் நுழைந்துவிடுகிறது.

வேறுபாடு எங்கே? ஆட்டக் கணக்கில் ‘பாதி’ என்பது 2 ஆட்டங்களில் பாதி. ‘மூன்றில் ஒன்று’ என்பது 3 ஆட்டங்களில் மூன்றில் ஒன்று. முழுமை இரண்டும் வேறு வேறு. பின்னக் கூட்டலில் முழுமை ஒன்றே. அரை மணி நேரம் கணிதமும் மூன்றில் ஒரு மணி நேரம் வரலாறும் படித்தீர்கள் என்றால், இரண்டுக்கும் முழுமை அதே ஒரு மணி நேரம்தான். 30 நிமிடமும் 20 நிமிடமும் 50 நிமிடம். அதாவது 5/6 மணி. 2/5 மணி என்பது வெறும் 24 நிமிடம். கணிதம் படித்த நேரமே அதைவிட அதிகம்! வரலாற்றையும் சேர்த்தபின் நேரம் குறைந்துபோகுமா?

மேலும் ஒன்று. மேலுள்ளவற்றையும் கீழுள்ளவற்றையும் அப்படியே கூட்டினால், கிடைப்பது எப்போதும் அந்த இரண்டு நேர்ப் பின்னங்களுக்கும் இடையில்தான் விழும். 2/5 என்பது 1/3-ஐவிடப் பெரியது, 1/2-ஐவிடச் சிறியது. இடையில் விழுவது ஒருபோதும் கூட்டுத்தொகையாக இருக்க முடியாது. இந்த ஒரு சோதனையை மட்டும் பழகிக்கொண்டால் பாதித் தவறுகளை நீங்களே பிடித்துவிடலாம்.

கடிகாரத்தில் 60 நிமிடம் வைத்ததன் அருமையும் இங்கே தெரிகிறது. பாபிலோனியர்கள் 60-ஐ அடிப்படையாகக் கொண்டு எண்களை எழுதினார்கள். அந்த மரபு நம் கடிகாரத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1 முதல் 6 வரையுள்ள எல்லா எண்களுக்கும் மீச்சிறு பொது மடங்கு 60-தான். அதனால் ஒரு மணியில் பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று எல்லாமே முழு நிமிடங்களாக வருகின்றன. பொதுப் பகுதியைக் கையிலேயே கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறீர்கள்.

வண்ணத்துப்பூச்சியின் சிறகு

இன்று பலரும் ‘வண்ணத்துப்பூச்சி முறை’ என்று ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டு பின்னங்களைக் குறுக்கே பெருக்கிச் சிறகு வரைந்து, கீழே உள்ளவற்றைப் பெருக்கி உடல் வரைந்துவிட்டால் விடை வந்துவிடும். விடை தவறாது என்பது உண்மை. கீழுள்ள இரண்டையும் பெருக்கினால் ஒரு பொதுப் பகுதி கண்டிப்பாகக் கிடைக்கும் அல்லவா? நான் அதற்கு எதிரி அல்லன். ஏன் சரியாக வருகிறது என்று விளக்க முடிந்தவர் தாராளமாகப் பயன்படுத்தட்டும். விளக்க முடியாதவர் கையில் அது ஒரு படம் மட்டுமே.

மூன்று பின்னங்கள் வந்தால் அந்தப் படத்தின் சிறகு ஒடிந்துவிடுகிறது. 4, 6, 12 ஓம் மின்தடைகள் மூன்றும் பக்க இணைப்பில் உள்ளன என்று கொள்வோம். கணக்கு 1/4 + 1/6 + 1/12. வண்ணத்துப்பூச்சியை இரண்டு முறை வரைந்தால் முதலில் 10/24 வரும். பிறகு 144/288 வரும். அதைச் சுருக்க வேண்டும். மாறாக, மூன்றுக்கும் பொருந்தும் துண்டு எது என்று கேளுங்கள். 12. அப்போது 3/12 + 2/12 + 1/12 = 6/12 = 1/2. மொத்த மின்தடை 2 ஓம். ஒரே வரியில் முடிந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீச்சிறு பொது மடங்கைத்தான் எடுக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. எந்தப் பொது மடங்கும் சரியான விடையையே தரும். 5/12 + 7/18-க்கு 36 எடுத்தால் 15/36 + 14/36 = 29/36. 216 எடுத்தால் 90/216 + 84/216 = 174/216; சுருக்கினால் அதே 29/36. மீச்சிறு மடங்கு உழைப்பைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அது நினைவுக்கு வரவில்லை என்பதற்காகக் கணக்கை வெறுமையாக விட்டுவிட்டு வராதீர்கள்.

கால்குலேட்டர் இருக்கிறதே?

இந்தக் கேள்வி உங்கள் மனத்தில் முதலிலிருந்தே இருக்கும். நியாயமான கேள்விதான். எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் கால்குலேட்டரைப் பயன்படுத்தலாம். பின்னத்துக்கென்று ஒரு விசையே இருக்கிறது. பிறகு எதற்கு இந்தப் பாடு?

முதல் பதில்: பலர் அந்த விசையைத் தொடுவதில்லை, தசமத்துக்கு ஓடுகிறார்கள். குவியத் தூரம் 10 செ.மீ. உள்ள குவிவில்லையின் முன் 15 செ.மீ. தூரத்தில் ஒரு பொருள். பிம்பத் தூரத்தின் தலைகீழி 1/10 - 1/15. பின்னமாகச் செய்தால் 3/30 - 2/30 = 1/30; பிம்பம் 30 செ.மீ. தூரத்தில் விழும். 1/15-ஐ 0.07 என்று முழுமையாக்கிக்கொண்டவருக்கு 0.1 - 0.07 = 0.03, பிம்பம் ஏறத்தாழ 33.3 செ.மீ. தூரத்தில். ஆய்வுக்கூடத்தில் திரையை அங்கே வைத்தால் படம் மங்கலாகத்தான் தெரியும். ஒரு சிறிய முழுமையாக்கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிட்டது. அருகருகே உள்ள இரண்டு எண்களைக் கழிக்கும்போது சிறு பிழையும் இப்படிப் பெருகும்.

இரண்டாவது பதில்: தசமமும் பின்னம்தான். பத்தில், நூறில், ஆயிரத்தில் என்று பொதுப் பகுதியை முன்கூட்டியே முடிவு செய்து வைத்த பின்னம். 0.5-உடன் 0.25-ஐக் கூட்ட 0.50 என்று ஒரு பூஜ்யம் சேர்க்கிறீர்களே, அதுவே பொதுப் பகுதி காண்பதுதான். ஆனால் மூன்றில் ஒன்று அந்தப் பெயர்களுக்குள் அடங்காது, 0.333 என்று ஓடிக்கொண்டே இருக்கும். கணினிக்கும் இதே தொல்லை உண்டு. பைத்தான் நிரலில் 0.1 + 0.2 என்று தட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணினி பின்னங்களை இரண்டில், நான்கில், எட்டில் என்று இரட்டித்துக்கொண்டே போகும் பகுதிகளால் எழுதுகிறது. பத்தில் ஒன்று எத்தனை முறை இரட்டித்தாலும் அந்தப் பெயருக்குள் சரியாகப் பொருந்தாது.

மூன்றாவது பதில்தான் முக்கியம். படிவம் 2-இல் இயற்கணிதப் பின்னம் வந்துவிடுகிறது. 1/அ + 1/ஆ எவ்வளவு? உங்கள் பையில் இருக்கும் கால்குலேட்டர் இதற்கு வாய் திறக்காது. பொதுப் பகுதி அ × ஆ என்று அறிந்தவர் (அ + ஆ)/(அ × ஆ) என்று எழுதிவிடுவார். எண்ணில் புரிந்துகொண்டது எழுத்திலும் வேலை செய்யும். விசையில் கற்றது விசையோடு நின்றுவிடும்.

பெயர் மாறினால் விண்கலமும் தப்பாது

வெவ்வேறு பெயருள்ளவற்றை ஒன்றாகக் கருதினால் என்ன ஆகும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1998 டிசம்பரில் நாசா ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்ற விண்கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்பியது. தரையில் இருந்த ஒரு மென்பொருள், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது. அதைப் பெற்றுக்கொண்ட மென்பொருள் நியூட்டன் அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன். எண்கள் சரி, பெயர் தவறு. 1999 செப்டம்பர் 23 அன்று, ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயை நெருங்க வேண்டிய கலம், பின்னர் கணித்தபடி ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அதன்பின் அதனிடமிருந்து எந்தச் சமிக்ஞையும் வரவில்லை.

அது பின்னக் கணக்கு அல்ல. ஆனால் அதே ஒழுங்குதான் அங்கே மீறப்பட்டது: கூட்டுவதற்கு முன் பெயர் ஒன்றா என்று பார். மீட்டரோடு சென்டிமீட்டரைக் கூட்டும்போதும், கிராமோடு கிலோகிராமைக் கூட்டும்போதும், 1/2-ஓடு 1/3-ஐக் கூட்டும்போதும் நாம் செய்வது ஒரே வேலை.

ஆகவே மாணவர்களே, என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை பின்னங்களைக் கூட்டவோ கழிக்கவோ பேனாவை எடுக்கும்போது, பெருக்கத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் முழுமை ஒன்றா? இரண்டையும் சரியாக அளக்கும் துண்டு எது? வந்த விடை நம்பும்படி இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் பின்னத்தில் மட்டும் அல்ல, எந்த ஆய்வுக்கூடத்திலும் பிழைத்துக்கொள்வார்.

பயிற்சிக்கு ஒன்று. அரைக்காலும் மாகாணியும் சேர்ந்தால் எத்தனை முந்திரி? அதை மிகச் சிறிய பின்னமாகச் சுருக்கினால் என்ன வரும்? கால்குலேட்டரைப் பைக்குள் வைத்துவிட்டு, இன்றிரவே போட்டுப் பாருங்கள்.